கொசுவும் மனச்சான்றும்

கோலாலம்பூரின் தென்புறத்தே அமைந்த சாலாக் செலாத்தானில், மாலை மழை பெய்து ஓய்ந்த பின்னர் சிற்சில நாள்களில் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. முகமூடி அணிந்த பணியாளர், புகைக்கருவியைத் தோளில் தாங்கி வருவர். வெண்புகை சந்துகளில் புகுந்து, சாக்கடைகளின் மேல் தவழ்ந்து, வீட்டுவாயில்கள்தோறும் நுழையும். தாய்மார் சமைத்த உணவை மூடிவைத்துவிட்டுக் குழந்தைகளோடு தெருமுனையில் வந்து நிற்பர். அத்தெருவில் எவருக்கோ டிங்கிக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்பதைப் புகையே அறிவித்துவிடும்.

அந்த வேளையில் அங்கு நிகழ்வனவற்றைக் கூர்ந்து நோக்கினால் நான்கு செயல்கள் புலப்படும். புகையடிப்பது ஒன்று, அது விஞ்ஞானத்தின் செயல். சாக்கடை மாதக்கணக்கில் தூர்வாரப்படவில்லை எனக் கூடிநின்று முறையிடுவது இரண்டாவது. அது அரசியலின் செயல். நோயுற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பாட்டி ஒருத்தி கர்ப்பூரம் ஏற்றிக் கைகூப்புவது மூன்றாவது. அது நம்பிக்கையின் செயல். தன் வீட்டுப் பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரை, எவரும் சொல்லாமலே ஒருவர் சென்று கவிழ்த்துவிடுவது நான்காவது. அது அறத்தின் செயல்.

ஒரே கொசுவை நோக்கி இவ்வாறு நான்கு கைகள் ஓங்கப்படுகின்றன. ஆயின், இந்நான்கையும் ஒன்றுக்கொன்று பகையெனக் கருதும் போக்கே கற்றோரிடையே மிகுந்துள்ளது. விஞ்ஞானம் வளர்ந்தால் நம்பிக்கை அழியும் என்பார் ஒருசாரார். நம்பிக்கை அழிந்தால் அறமும் அழியும் என்பார் மற்றொரு சாரார். அரசியல் புகுந்த இடத்தில் அறத்துக்கு இடமில்லை என்பது எல்லாரும் எளிதாகச் சொல்லும் சொல்லாகிவிட்டது. இக்கூற்றுகளை வெறும் வாதத்தால் எடைபோடுவது அரிது. நடந்த ஒன்றைக் கொண்டு எடைபோடுவதே முறை. அதற்கேற்ற நிகழ்ச்சி ஒன்று சாலாக் செலாத்தானுக்குத் தொலைவில் அன்று, கிள்ளானிலேயே, நடந்திருக்கிறது.

கிள்ளானில் நடந்தது

1901-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்தில் பொறுப்பேற்றார். அந்நாளில் கிள்ளான், சதுப்புக்கும் காட்டுக்கும் இடையே அமைந்த சிற்றூர். குளிர்காய்ச்சல் அங்கு விருந்தாளியன்று, குடியிருப்பாளி. அவ்வாண்டு செப்டம்பரில், ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்துப் புதிய துறைமுகம் ஒன்று திறக்கப்பட்டது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது அதன் பெயர். 1972-இல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர்மாற்றம் பெற்றது. திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத்தில் உழைத்தவர் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலில் வீழ்ந்தனர். மூட்டை தூக்க ஆளில்லை. இரயிலை இயக்க ஆளில்லை. பெருஞ்செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிடும் நிலை ஆண்டு முடியுமுன்னரே ஏற்பட்டது.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பது பொருள். சதுப்பிலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலைத் தருகின்றது என்று ஐரோப்பாவின் பெரும் மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினர். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், இந்தியாவில் செக்கந்தராபாத் நகரில், ரொனால்டு ராஸ் என்பவர் அனோபிலிஸ் கொசு ஒன்றின் வயிற்றை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, மலேரியாக் கிருமியை அங்கே கண்டார். அடுத்த ஆண்டு, மனிதரிடையே இந்நோயைப் பரப்புவது அவ்வினக் கொசுவே என்பதை இத்தாலிய ஆய்வாளர் உறுதிப்படுத்தினர். ஆகவே கிள்ளானில் காய்ச்சல் தலைவிரித்தாடிய பொழுது, கொசுவின் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டு நான்காண்டுகளே ஆகியிருந்தன. அதனை ஐயுற்ற மருத்துவர் பலர் அன்று இருந்தனர்.

வாட்சன் ஐயுறவில்லை. கொசு வளரும் நீரை அகற்றினால் காய்ச்சல் அகலும் என்று அவர் வாதிட்டார். ஊரை ஒட்டிய காடு வெட்டப்பட்டது. பள்ளங்கள் தூர்க்கப்பட்டன. சதுப்பு நீர் வடியக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. துறைமுகத்தில் கடல்நீர் ஏறாதவாறு கரை எழுப்பப்பட்டது. விளைவை அவரே கணக்கெடுத்து வெளியிட்டார். மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரில், 1901-இல் கிள்ளான் நகரத்தைச் சேர்ந்தவர் 334 பேர். 1902-இல் 129, 1903-இல் 48, 1904-இல் 28, 1905-இல் 12. துறைமுகத்தைச் சேர்ந்தவர் 1901-இல் 188 பேர்; 1905-இல் 11 பேர். நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தோர் 1901-இல் 368 பேராக இருந்தனர். அடுத்த ஆண்டு 59 பேராயினர்.

உலகிலேயே கொசுவை ஒழித்து மலேரியாவை அடக்கிக்காட்டிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. போற்றப்பட வேண்டியதே. முந்நூறு வீடுகளில் ஒப்பாரி எழுந்த ஊரில், மறுவருடம் அவ்வோசை அடங்கியது என்றால், அதனினும் பெரிய புண்ணியம் வேறென்ன?

விஞ்ஞானத்தின் பெருமை எது?

இவ்வெற்றியிலிருந்து விஞ்ஞானத்தின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். பலர் நினைப்பதுபோல, பிழை செய்யாமை அதன் பெருமையன்று. பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்வதே அதன் பெருமை.

கெட்ட காற்று என்னும் கொள்கையை எடுத்துக்கொள்வோம். அதுவும் ஒரு நம்பிக்கையே. அந்நம்பிக்கையால் சதுப்பை வற்றவைத்த இடங்களில் காய்ச்சல் குறைந்ததும் உண்டு. காரணம் தவறு, காரியம் சரி. அப்படியாயின் தவறான காரணத்தால் என்ன கேடு என்று வினவலாம். கேடு உண்டு. காற்றுக்கு அஞ்சிச் சன்னலை அடைத்தவன், வீட்டுக்குள்ளேயே நீர்க்குடத்தைத் திறந்து வைத்திருப்பான். தவறான காரணம் தற்செயலாக ஒருமுறை நன்மை செய்யும். மறுமுறை எப்போது கைவிடும் என்று எவரும் அறியார்.

கிள்ளானில் வென்ற விஞ்ஞானமும் ஓரிடத்தில் இடறியது. தாழ்நிலத்தில் காடழித்து நிலத்தை வெயிலுக்குத் திறந்துவிட்டதால் காய்ச்சல் ஒழிந்தது. ஏனெனில் அங்கே நோய் பரப்பிய அம்புரோசஸ் என்னும் கொசு, காட்டுநிழலில் தேங்கிய நீரை நாடுவது. அதே முறையைக் குன்றுகள் சூழ்ந்த தோட்டங்களில் கையாண்டபோது காய்ச்சல் குறையவில்லை. மாக்குலேட்டஸ் என்னும் வேறோர் இனம், வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் வளர்வது. நிழலை அகற்றியது அதற்கு வீடு கட்டிக்கொடுத்ததாயிற்று. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்து நஞ்சானது. வாட்சன் இதனை மறைக்கவில்லை. கொசுவின் இனமறிந்து, அவ்வினத்துக்கேற்ற வழி தேட வேண்டும் என்னும் புதிய பாடத்தை உலகுக்கு அளித்தார். குன்றோடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்துவதும், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பதும் பின்னர்க் கைக்கொள்ளப்பட்டன.

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. நோயின் காரணத்தைத் தேடுவதை அது சிகிச்சைக்கு முன்னே வைக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய மொழியில் இவ்வறிவு ஊறியிருக்க, காரணம் தேடுவதை மேனாட்டார் வழக்கமெனத் தள்ளுவது தமிழர்க்குப் பொருந்தாது.

மூன்றாவது வரி

இதுகாறும் சொல்லப்பட்டது பாதிக்கதையே. வாட்சன் வெளியிட்ட கணக்கில் மூன்று வரிகள் உள்ளன. முதல் வரி கிள்ளான் நகரம். இரண்டாவது வரி துறைமுகம். மூன்றாவது வரியின் பெயர் 'மாவட்டத்தின் ஏனைய பகுதிகள்'. அவ்வரியில் உள்ள எண்கள் இவை: 1901-இல் 197, 1902-இல் 204, 1903-இல் 150, 1904-இல் 266, 1905-இல் 353.

முதல் இரு வரிகளும் இறங்குகின்றன; மூன்றாவது வரி ஏறுகின்றது. ஏனைய பகுதிகளில் வாழ்ந்தவர் பலதிறத்தினர். ஆயினும் அக்காலம், காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலம். அங்கே புதிதாகக் கொண்டுவரப்பட்டோருள் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய தொழிலாளர். மூன்றாவது வரி ஏறியதற்கு ஆள்தொகை பெருகியதும் ஒரு காரணமே. அதனை மறைப்பது நேர்மையாகாது. எனினும், ஆளைப் பெருக்கியவர்க்கு, அந்த ஆளைக் காக்கும் கடமையும் பெருகியிருக்க வேண்டாவா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

இங்கேதான் விஞ்ஞானத்தின் எல்லைக்கோடு தெரிகிறது. கொசுவை எவ்வாறு ஒழிப்பது என்று விஞ்ஞானம் சொல்லும். எங்கே முதலில் ஒழிப்பது என்று அது சொல்லாது. நுண்ணோக்கியில் கிருமி தெரியும், முன்னுரிமை தெரியாது. துறைமுகத்தை முதலில் காத்தது ஏன்? வாணிகம் நின்றுவிடும் என்பதால். நகரத்தைக் காத்தது ஏன்? அரசு அலுவலரும் இரயில் நிலையமும் அங்கிருந்ததால். இதில் எவரும் எவரையும் கொல்ல நினைக்கவில்லை. ஆயினும் எவரை முதலில் நினைத்தார்கள் என்பதில் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. தீமை பெரும்பாலும் வெறுப்பினால் விளைவதில்லை. நினைவில் வராமையால் விளைகிறது.

இத்தீர்ப்பின் விலை சிறிதன்று. 1911-ஆம் ஆண்டில், அன்றைய மலாய் ஐக்கிய மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரிடையே ஆண்டு இறப்பு ஆயிரத்துக்கு அறுபதைக் கடந்திருந்தது. நூறு பேர் குடியிருக்கும் லயம் ஒன்றில் ஓராண்டில் ஆறு பாடைகள் என்பது அதன் பொருள். இறந்தோர் முதியோரல்லர், உழைக்கவென்று தேர்ந்தெடுத்துக் கொண்டுவரப்பட்ட இளைஞர். நோய் எதனால் வருகிறது, எவ்வாறு தடுக்கலாம் என்பவை பத்தாண்டுகளுக்கு முன்னரே, அதே நாட்டில், கிள்ளானிலேயே மெய்ப்பிக்கப்பட்டிருந்தன என்பதை நினைத்தால், அறியாமையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க இயலாது. அறிந்தபின் செய்யாமை அறியாமையினும் கொடிது.

இதற்கு அறம் என்ன செய்தது? தனிமனிதரிடத்தே அது செயற்படாமலில்லை. வாட்சன் அரசுப் பணியை விட்டபின் தோட்டங்களின் மருத்துவராகி, மூன்றாவது வரியின் மக்களிடையே பல்லாண்டு பணியாற்றினார். ஆயினும் ஒருவரது மனச்சான்று எத்தனை தோட்டங்களைக் காக்கும்? அறம் தனியே நின்றால் பெருமூச்சாக முடியும். அது பலர் கூடிக் கேட்கும் கோரிக்கையானால்தான் கால்வாயாகும். பலர் கூடிக் கேட்பதன் பெயரே அரசியல்.

மூன்றாவது வரி வாய்திறந்தபோது

அவ்வாறு கூடிக் கேட்கும் நாளும் கிள்ளானிலேயே வந்தது. 1941-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதன் தலைவர் ஆர். எச். நாதனும் அதில் முன்னின்றனர். தொழிலாளர் வைத்த கோரிக்கைகள் இன்றும் படிக்கத்தக்கவை. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி கேட்டனர். முறையான மருத்துவ வசதி கேட்டனர். பிள்ளைகட்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடுமாறு கேட்டனர். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துமாறு கேட்டனர். துரைமாரும் அலுவலரும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்குமாறும் கேட்டனர்.

மிதிவண்டிக் கோரிக்கையைச் சிறிதென எண்ணலாகாது. கூலி உயர்ந்தால் வயிறு நிறையும். மருந்து வந்தால் காய்ச்சல் தணியும். ஆனால் இறங்கி நிற்கும் ஒருவனது மரணம், இறங்கி நிற்க வைத்தவனது கணக்கில் என்றும் மூன்றாவது வரியாகவே எழுதப்படும். அதனை அத்தொழிலாளர் உணர்ந்திருந்தனர். எழுத்தறியாதார் பலரைக் கொண்ட அக்கூட்டம், உடல்நலமும் தன்மானமும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதைக் கற்றோர்க்குக் கற்பித்தது.

அரசு அக்கோரிக்கைக்குக் கைதால் மறுமொழி கூறியது. நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர்; தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். போராட்டம் அடக்கப்பட்டது. ஆயினும் கேட்கப்பட்ட கேள்வி அடங்கவில்லை. அரசியலில் அறத்துக்கு இடமில்லை என்போர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசியல் கெட்டதென விலகி நிற்பவர், மூன்றாவது வரியை அப்படியே விட்டுச்செல்பவராகின்றார்.

அம்மன் கோயில் ஏன் நின்றது?

இனி நம்பிக்கையைக் குறித்துக் காண்போம். தோட்டங்கள் தோன்றிய காலத்தே, லயத்தை அடுத்து மாரியம்மன் கோயில் எழுந்தது. சிலவிடங்களில் அது கோயிலன்று. மரத்தடியில் நட்ட ஒரு கல்லும் அதன்மேல் ஒரு மஞ்சள் துணியுமே. காய்ச்சலுக்கும் அம்மைக்கும் அங்கேதான் வேண்டுதல்.

நம்பிக்கை என்பது அறியாமைக்கு இட்ட பெயர் என்னும் கருத்து தமிழரிடையே வலிமையாகவே எடுத்துரைக்கப்பட்டது. பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1954-ஆம் ஆண்டிலும் மலாயாவுக்கு வந்தார். சுயமரியாதைக் கருத்துகள் இந்நாட்டில் வேரூன்றின. சாதியையும் வீண்செலவையும் சடங்கின் பெயரால் காப்பாற்றுவது ஏன் என்று அவ்வியக்கத்தார் கேட்டது தக்க கேள்வியே. அக்கேள்வியால் சமூகம் பெற்ற நன்மை பெரிது.

ஆயின், நம்பிக்கை வெறும் மருத்துவமாக மட்டும் இருந்திருந்தால், மருத்துவம் வந்தவுடன் அது மறைந்திருக்க வேண்டும். பெரியம்மை உலகினின்றே ஒழிந்துவிட்டதென 1980 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. நோய் போய்விட்டது, மாரியம்மன் கோயில் நிற்கிறது. மலேசியாவில், மனிதரிடமிருந்து கொசுவழி மனிதர்க்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் வகை மட்டும் எஞ்சி நின்று அறிவியலார்க்குப் புதிய பாடம் நடத்துகிறது. அப்படியிருந்தும் தீமிதித் திருவிழாவில் கூட்டம் குறையவில்லை. ஆகவே அக்கோயில் மருந்துக்கடையாக மட்டும் இருந்ததில்லை என்பது தெளிவு. தாய்நாட்டினின்றும் பிரிந்தவர்க்கு அது ஊர். பிள்ளையைப் பறிகொடுத்தவர்க்கு அது அழுவதற்கோர் இடம். கிராணியின் கண்ணுக்குப் புறம்பே கூடிப்பேசுவதற்கோர் இடமும் அதுவே. எதனால் இறந்தான் என்பதற்கு விஞ்ஞானம் விடை கூறும். இறந்தபின் எப்படி வாழ்வது என்னும் கேள்வியோடு நிற்கும் தாய்க்கு அவ்விடை போதாது.

எனினும் நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. அஃது ஆறுதலாக நிற்கும்வரை அதனை எள்ளி நகையாட எவர்க்கும் உரிமையில்லை. அது காரணம் கூறப் புகுந்தால், ஏனைய காரணங்களைப்போல் அதுவும் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். 'காய்ச்சல் அவன் தலைவிதி' என்னும் கூற்று ஆறுதலன்று, காரணவாதம். அதுவும் தவறான காரணவாதம். கால்வாய் வெட்ட மறந்தவர்க்கு அதனினும் வசதியான கூற்று வேறில்லை. விதியென்று சொல்லி மூன்றாவது வரியை மூடிவைக்கும் நம்பிக்கை, தெய்வத்தின் மேல் பழிபோடும் நம்பிக்கையே.

நம்பிக்கை தன் எல்லையை அறிந்து நடந்ததற்குச் சான்றும் உண்டு. பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. கொரோனாப் பெருந்தொற்றின் இடையே, 2021 சனவரி 28-ஆம் நாள் வந்த தைப்பூசத்தில் காவடிக்கு இடமளிக்கப்படவில்லை. பக்தர் வீட்டிலிருந்தே வணங்கினர். நேர்ந்துகொண்ட காவடியை எடுக்காமலிருப்பது எளிய செயலன்று. ஆயினும் தன் காவடியால் பிறர் வீட்டில் பாடை எழலாகாது என்று அடங்கியிருந்தவர், அன்று வேறொரு காவடியைச் சுமந்தவரே. அவ்வாண்டு பக்தி குறைந்ததென எவர் கூறுவார்?

வகுப்பறையில் எழும் வினா

இவையெல்லாம் வரலாறு என்று ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில் இவை நாள்தோறும் வகுப்பறையில் வந்து நிற்கின்றன. டிங்கிக் காய்ச்சலிலிருந்து மீண்ட தம்பியை உடைய மாணவி ஒருத்தி எழுந்து, 'தம்பியைக் காப்பாற்றியவர் மருத்துவரா, அம்மனா?' என்று வினவுவதாகக் கொள்வோம். ஆசிரியர் என்ன கூறுவார்?

'மருத்துவர்தான், மற்றதெல்லாம் மூடத்தனம்' என்று கூறினால், மருத்துவமனை வாயிலில் இரவெல்லாம் கண்விழித்த பாட்டியை அக்குழந்தையின் கண்ணெதிரே ஆசிரியர் இழிவுபடுத்துகிறார். 'அம்மன்தான்' என்று கூறினால், காலையில் நடத்திய விஞ்ஞானப் பாடத்தை மாலையில் தாமே அழிக்கின்றார். 'இரண்டும்தான்' என்று கூறித் தப்புவது வழக்கத்தில் உள்ளது. அது பணிவுபோல் தோன்றும் சோம்பலே. ஒரே வினாவுக்கு இரு விடைகளும் பொருந்தும் என்று பழகிய குழந்தை, நாளை எந்த வினாவுக்கும் விடை தேடமாட்டாது.

நேர்மையான வழி, வினாவைப் பிரித்துக் காட்டுவது. தம்பியின் உடல் தேறியது எதனால் என்பது ஒரு வினா. தக்க வேளையில் நீர்ச்சத்துக் குறையாமல் காத்த மருத்துவத்தாலும், நோயை எதிர்த்த அவன் உடலாலும் என்பது அதற்கு விடை. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆசிரியர் அதனைத் தயங்காமல் கூறுதல் வேண்டும். அவ்விரவை வீட்டார் எவ்வாறு தாங்கினர் என்பது மற்றொரு வினா. பாட்டியின் கர்ப்பூரம் அதற்கு விடை. இவ்விரண்டோடு நின்றுவிட்டால் பாடம் முற்றுப்பெறாது. மருத்துவமனைக்கு விரைந்து செல்ல வண்டியும் வழியும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது மூன்றாவது வினா. தம்பியைக் கடித்த கொசு எவர் வீட்டில் பிறந்தது என்பது நான்காவது வினா. இவ்விரண்டு வினாக்களையும் மாணவி கேட்டிருக்கமாட்டாள். அவற்றை அவள் உள்ளத்தில் எழச்செய்வதே ஆசிரியரின் தொழில்.

பயிற்சிக் கல்லூரிகளில் பாடநோக்கம் எழுதக் கற்பிக்கின்றனர். 'கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை மாணவர் கூறுவர்' என்று எழுதினால் நோக்கம் நிறைவுறும். ஆயின் அச்சுழற்சியைப் பிழையின்றிக் கூறும் மாணவன், வீடு சென்று பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கவில்லை எனில், அவன் பெற்றது மதிப்பெண், கல்வியன்று. தன் வீட்டுத் தட்டைக் கவிழ்த்துவிட்டு, தெருமுனைச் சாக்கடை தனக்குரியதன்று என விட்டுவிடுவானாயின், அவன் பெற்றது பாதிக் கல்வி.

நான்கு வினாக்கள்

ஆக, விஞ்ஞானமும் நம்பிக்கையும் அறமும் அரசியலும் ஒரே அரியணைக்குப் போட்டியிடும் நான்கு அரசர் அல்லர். அவை நான்கு வினாக்கள். எதனால் நடந்தது, எவ்வாறு தாங்குவது, எது என் கடன், எல்லார்க்கும் எவ்வாறு கிட்டும் என்பவை அவை. ஒரு வினாவுக்குரிய விடையை மற்றொரு வினாவுக்கு இடும்போதே குழப்பம் பிறக்கிறது. காரணத்தைக் கூறவேண்டிய இடத்தில் விதியைக் கூறுவது ஒரு குழப்பம். கண்ணீர் துடைக்க வேண்டிய இடத்தில் புள்ளிவிவரம் கூறுவது மற்றொரு குழப்பம். தானே செய்யவேண்டியதை அரசு செய்யட்டும் என்பதும், அரசு செய்யவேண்டியதைத் தனியார் தருமத்துக்கு விட்டுவிடுவதும் நாள்தோறும் காணும் குழப்பங்கள்.

இந்நான்கனுள் எதை விட்டாலும் மூன்றாவது வரி ஏறும். விஞ்ஞானம் இல்லையேல் கொசுவை அறிவார் இலர். அரசியல் இல்லையேல் கால்வாய் துறைமுகத்தோடு நின்றுவிடும். அறம் இல்லையேல் அவ்வரியில் உள்ள எண்கள் மனிதர் என்பதே எவர்க்கும் தோன்றாது. நம்பிக்கை இல்லையேல், தோற்ற பின்னும் மறுபடி எழுந்து கேட்கும் துணிவு எங்கிருந்து வரும்?

சாலாக் செலாத்தானில் புகை கலைந்துவிட்டது. அப்புகை வளர்ந்த கொசுவைக் கொல்லும். தேங்கிய நீரில் நெளியும் புழுவைக் கொல்லாது. ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து அப்புழு சிறகு பெற்றெழும். டிங்கிக் கொசு நெடுந்தொலைவு பறப்பதன்று. பிறந்த இடத்துக்கு அண்மையிலேயே அது கடிக்கும். ஆகவே ஒருவர் வீட்டுத் தட்டில் தேங்கிய நீர், பெரும்பாலும் அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சலாகும். நோயுற்ற பிள்ளைக்காகப் பாட்டி ஏற்றிய கர்ப்பூரம் இன்னும் மணக்கிறது. அவ்விளக்கின் ஒளியில், பூசை மாடத்து நீர்ச்செம்பைக் கையிலெடுத்து, அதில் நேற்றைய நீர் நிற்கிறதா என்று ஒரு சிறுமி குனிந்து பார்ப்பாளாயின், அன்று பள்ளியில் பாடம் நடந்திருக்கிறது என்று பொருள்.